பழைய அம்பாசிடரில் நல்ல பாட்டு: தகட்டை வெட்டாமல் ஒலியமைப்பை மேம்படுத்துவது எப்படி

என்னுடைய முதல் அம்பாசிடருக்குச் சேலத்தில் ஒரு கடையில் ஸ்டீரியோ பொருத்தக் கொடுத்தேன். காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுத்தபோது, பின் கண்ணாடிக்குக் கீழே இருந்த தகட்டில் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் வெட்டப்பட்டு, ஓவல் ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருந்தன. வெட்டிய விளிம்பில் பிரைமர்கூடத் தடவப்படவில்லை. கண்ணாடியின் ரப்பர் பீடிங் வழியாகக் கசிந்த மழைநீர் அந்த விளிம்பில் தங்கித் தங்கி, மூன்றாம் ஆண்டில் தகட்டை விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆன டிங்கரிங் செலவு, செட்டும் ஸ்பீக்கரும் வாங்கிய செலவைவிட அதிகம்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்து வரும் விதி இதுதான்: புதிதாகச் சேர்க்கும் எந்தப் பொருளையும் ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு ஒரு மணி நேரத்தில் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கிவிட முடிய வேண்டும். 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உருவான அம்பாசிடர் இனி புதிதாக வரப்போவதில்லை. ஸ்பீக்கர் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். இந்த வழிமுறையை அம்பாசிடரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், பியட் 1100, பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மின்சாரக் கணக்கு

பழைய வண்டியில் பாட்டின் தரம் கடையில் தொடங்குவதில்லை, எஞ்சின் சுழற்றச் சுழற்ற மின்சாரம் தரும் டைனமோவில் தொடங்குகிறது. அந்தக் கால லூகாஸ் வகை டைனமோ நல்ல நிலையில் இருந்து, நல்ல வேகத்தில் சுழன்றால் ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும். இரவில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பனிமூட்டமும் தூறலும் சேர்ந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 9 ஆம்பியர், பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2, இக்னிஷன் காயிலுக்கு மூன்றரை, வைப்பருக்கு 3 என்று கூட்டினால் பதினேழரை ஆகிவிடுகிறது. பாட்டுக்கு மிஞ்சுவது நான்கரை ஆம்பியர், அதாவது 60 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் எஞ்சின் சுழலும்போதுதான். மேலே ஏறிவரும் பேருந்துக்கு வழிவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஓரம் கட்டி நிற்கும்போது, ஐட்லிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. எல்லாச் சுமையும் பேட்டரியின் தலையில் விழும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கவும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது என்று பொருள். 12.2-க்குக் கீழே காட்டினால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். எஞ்சினை இயக்கி, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்துப் பிடித்தால் மீட்டர் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்கவும். அப்போதே 13-க்குக் கீழே இறங்கினால், கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியின் முனைகள், பெல்ட் இறுக்கம் ஆகியவற்றை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது முதல் வேலை.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏற்றும், 35 ஆம்பியருக்கு மேல் தரும். அடிக்கடி இரவில் ஓட்டுபவருக்கு அது நியாயமான மாற்றம். அப்படிச் செய்தால் டைனமோவையும் அதன் கிளாம்ப்பையும் ரெகுலேட்டரையும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தவும். ஆனால் பாட்டுக்காக மட்டும் இதைச் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் நான்கரை ஆம்பியருக்குள் அடங்கும் நல்ல ஒலியமைப்பு ஒன்றை இன்று அமைத்துவிட முடிகிறது.

இன்னொரு பரிசோதனையைத் தவறவே விடக்கூடாது. பேட்டரியின் எந்த முனையிலிருந்து கேபிள் பாடிக்குப் போகிறது என்று பார்க்கவும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனையே எர்த், அதாவது பாடியோடு இணைந்த முனை. அப்படிப்பட்ட வண்டியில் இன்றைய செட் ஒன்றை டேஷ்போர்டில் திருகிய மாத்திரத்தில், நெகட்டிவோடு இணைந்த அதன் உலோகப் பெட்டி பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற முடியும். பேட்டரி இணைப்பைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றி, ஆம்பியர் மீட்டரின் வயர்களைத் திருப்பி, டைனமோவின் ஃபீல்டு முனைக்கு, அதன் வயரைக் கழற்றிய பிறகு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு நொடி மின்சாரம் தொட்டுக்காட்டி அதன் காந்தத் திசையைப் புதுப்பிக்க வேண்டும். இதை முன்பே செய்து பழகியவரிடம் மட்டுமே ஒப்படைக்கவும்.

இரைச்சலைக் குறைப்பதே பாதி வேலை

பழைய வண்டிக்குள் பாட்டு கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் சிறியதாக இருப்பது காரணமல்ல. கதவு பீடிங் இறுகிப் போய் காற்று சீறுவது, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் கிரோமெட் (துளையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) உதிர்ந்த துளைகள் வழியாக எஞ்சின் சத்தம் உள்ளே கொட்டுவது, தரைத் தகடு பறை போல அதிர்வது ஆகிய மூன்றும்தான் பாட்டை விழுங்குகின்றன. நான்கு கதவுக்கும் புதிய ரப்பர் பீடிங் போட்டு, பழைய கேபிள் துளைகளுக்கெல்லாம் சரியான அளவு கிரோமெட் மாட்டினாலே, அதே பழைய செட் புதிய செட் போல ஒலிப்பதைக் காணலாம். செலவும் குறைவு.

பிறகு தகடு. கதவின் உள்பட்டையைக் கழற்றி, வெளித்தகட்டின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்; காலி டின்னைத் தட்டியது போல் ஒலிக்கும். அந்த நடுப்பகுதியில் மட்டும், மொத்தப் பரப்பில் கால் பங்கு அளவுக்கு, அதிர்வைத் தடுக்கும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, சிறு ரோலரால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தினால் போதும். மறுபடி தட்டும்போது மரப்பலகையைத் தட்டியது போல் 'டொக்' என்று அடங்கும். முழுக் கதவையும் மூடுவதால் எடை கூடுமே தவிரப் பலன் அதற்கேற்பக் கூடாது. விலை குறைவு என்று தார் ஷீட்டை வாங்க வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அது இளகி, நாற்றமடித்து, கூரையில் ஒட்டியிருந்தால் துணியோடு சேர்ந்து தொங்கிவிடும். ஒட்டும்போது கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. தரை விரிப்புக்குக் கீழே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சணல் அட்டையையும் தவிர்ப்பது நல்லது. மலை மேல் இரண்டு நாள் பனியில் நின்ற வண்டியில் அது வாரக்கணக்கில் காயாது.

செட்: டேஷ்போர்டைத் தொடாமல்

இன்றைய செட்டின் முகப்பு 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகம். பழைய வண்டியின் ரேடியோ இடமோ இரு குமிழ்களும் நடுவில் சிறு சாளரமும் கொண்டது. ஒன்றுக்குள் மற்றொன்றை நுழைக்க வேண்டுமானால் தகட்டை அறுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யவே கூடாது. பழைய ரேடியோ இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். வேலை செய்யாவிட்டாலும் இருக்கட்டும். அதன் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டுப் புளூடூத் பலகையைச் செருகித் தரும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் ஒருமுறை காலியாக்கிய ரேடியோவை மீண்டும் பழையபடி நிரப்புவது யாராலும் ஆகாத காரியம். ரேடியோ இல்லாமல் வெறும் துளைகள் மட்டும் இருக்கும் வண்டிக்கு, அதே இரு குமிழ் அமைப்பில் பழைய தோற்றத்துடன் வரும் புதிய செட்டுகள் கிடைக்கின்றன.

நான் பரிந்துரைப்பது கண்ணில் படாத அமைப்பு. புளூடூத் வசதியுள்ள ஒரு சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரை முன் சீட்டுக்குக் கீழே வைத்து, ஒலி கூட்டிக் குறைக்கும் சிறு குமிழை டேஷ்போர்டின் அடிவிளிம்பில் ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு திருகில் தாங்கு பட்டை கொடுத்து மாட்டிவிடலாம். கிளாஸ் டி என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: அது எடுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். பழைய ஏபி வகை ஏறத்தாழ பாதியை வெப்பமாகக் கழித்துவிடும். நம் கையில் இருப்பதோ நான்கரை ஆம்பியர். பெட்டியின் மேல் 500 வாட், 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன், என்று எழுதியிருக்கும் எண்ணே கணக்கு. ஒரு சானலுக்கு 40 முதல் 45 வாட் ஆர்எம்எஸ் தரும் நான்கு சானல் ஆம்ப்ளிஃபயர் அம்பாசிடருக்குத் தாராளம். சாதாரணமாகப் பேசிக்கொண்டே கேட்கும் அளவில் அது மூன்று நான்கு ஆம்பியருக்கு மேல் எடுக்காது.

ஸ்பீக்கர்

இங்கே பொறுமை வேண்டும். பழைய வண்டிகளில் டேஷ்போர்டின் நடுவே ஒரே ஒரு ஸ்பீக்கருக்கு இடம் இருக்கும். அந்த இடத்தில் இரட்டை வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) கொண்ட ஸ்பீக்கரை வாங்கி வைத்தால், இடது சானல் ஒரு காயிலிலும் வலது சானல் மற்றொரு காயிலிலும் ஓடி, ஒரே கூம்பில் இரண்டும் கலந்து ஒலிக்கும். சாதாரண ஸ்பீக்கரை வைத்து இடது, வலது வயர்களை முறுக்கி ஒன்றாக்கிக் கொடுப்பது பெருந்தவறு; ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சானல்கள் ஒன்றையொன்று எதிர்த்து எரிந்துபோகும்.

பழைய வயரிங்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணியும் உண்டு. அக்கால ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே வயர்தான் போகும். மறுமுனையைப் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். இன்றைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் எதுவும் எர்த்தைத் தொடக்கூடாது. எனவே பழைய ஸ்பீக்கர் வயரை மறுபடி பயன்படுத்தாமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர்களைப் புதிதாக இழுக்கவும். இழுத்த பிறகு, ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதற்கு முன், ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரில் உறுதிசெய்யவும்.

முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற இடம், டேஷ்போர்டுக்குக் கீழே கால் பக்கத்துச் சுவர். ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் அங்கே அடங்கும். ஒன்பது மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டில் அந்த இடத்தின் வடிவத்தை அட்டையில் படியெடுத்து வெட்டி, ஸ்பீக்கருக்கு வட்டம் எடுத்து, வண்டியின் ரெக்ஸினோடு ஒத்த நிறத்தில் குஷன் கடையில் சுற்றித் தரச் சொல்லி, ஏற்கெனவே உள்ள திருகுகளிலேயே மாட்டவும். பின்பக்கத்துக்கும் இதே முறைதான்: பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள மூலப் பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அதே வடிவில் பிளைவுட் பலகை ஒன்றைச் செய்து அதில் ஸ்பீக்கரைப் பொருத்தலாம். ஆனால் பலகைக்குக் கீழே உள்ள தகட்டில் ஸ்பீக்கரின் காந்தம் இறங்க ஏற்கெனவே திறப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் பலகையை உயர்த்துங்கள், அல்லது மெல்லிய ஸ்பீக்கரைத் தேடுங்கள். வெட்டாதீர்கள். பின் கண்ணாடி வழியாக நாள் முழுதும் வெயில் விழும் இடம் அது என்பதால், காகிதக் கூம்பும் பஞ்சு விளிம்பும் கொண்ட ஸ்பீக்கர் அங்கே நிலைக்காது. பாலிபுரோப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் இருக்க வேண்டும்.

வயரிங்

பழைய வண்டியில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள். அவற்றிலிருந்தோ இக்னிஷன் சுவிட்சிலிருந்தோ ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒன்றை எடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பியூஸ் வைக்கவும். அந்த பியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக அல்ல, வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பதற்காக. அதனால்தான் அது பேட்டரிக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். வயர் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்கவும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

வயர் எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர, ஏற்கெனவே உள்ள துளையில் புதிய கிரோமெட் மாட்டிப் பயன்படுத்தவும். சாவி போட்டால் மட்டும் ஆம்ப்ளிஃபயர் உயிர்பெற, லூகாஸ் வயரிங்கில் பச்சை நிற வயர், அதாவது இக்னிஷனுக்குப் பின் பியூஸ் வழியாக வரும் மின்சாரம், ஒரு சிறு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இயக்கும்படி செய்யலாம். நெடுநாள் வெயிலில் நிறங்கள் மங்கியிருக்கும் என்பதால் மீட்டரில் சோதித்த பிறகே நம்பவும். ரிலே வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கைக்கு வருவது 24 வோல்ட் ரிலேயாக இருக்கலாம். அது நம் 12 வோல்ட் வண்டியில் இழுக்காது, அல்லது அரைகுறையாக இழுத்துப் படபடக்கும். மேலே அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்கவும்.

எர்த் வயரை ஆம்ப்ளிஃபயருக்கு அருகிலேயே பாடியின் கெட்டியான பகுதியில், சீட் போல்ட் போன்ற ஓரிடத்தில், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் பளிச்சிடும் வரை சுத்தம் செய்து, லக் (வயர் முனையில் நெரிக்கும் உலோக வளையம்) வைத்து, நட்சத்திர வாஷரோடு இறுக்கி, மேலே வாசலினைத் தடவவும். வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். என் வண்டியில் முன்பு போட்டிருந்த சிவப்பு டேப்பை ஒரு மே மாதத்தில் பிரித்தபோது, பசை வெல்லப்பாகு போல வயரில் வழிந்து, டேப் தனியாகவும் முறுக்கு தனியாகவும் கிடந்தது. லக்கையும் கனெக்டரையும் கருவியால் நெரித்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினால் இந்தத் தொல்லை இல்லை. வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியானால் பேட்டரி எர்த்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பதும் நல்லது.

எஞ்சினோடு சேர்ந்து பாடும் இரைச்சல்

எல்லாம் முடித்து எஞ்சினை இயக்கியதும், ஆக்சிலரேட்டரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பச் சுருதி ஏறி இறங்கும் ஒரு முனகல் கேட்டால் அது டைனமோவின் இரைச்சல். 'டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் அது ஸ்பார்க்கின் இரைச்சல். முனகலுக்கு, டைனமோவின் தடித்த முனையில் இரைச்சலை வடிக்கும் ஒரு மைக்ரோஃபாரடு சப்ரசர் கண்டென்சரை வைத்து அதன் உடலை எர்த் செய்யவும். மெல்லிய ஃபீல்டு முனையில் வைத்துவிட்டால் ரெகுலேட்டரின் பாயின்ட்கள் தீய்ந்துவிடும். ஸ்பார்க் இரைச்சலுக்கு, காயிலின் சுவிட்ச் பக்கத்து முனையில் இன்னொரு கண்டென்சரும், செம்பு இழை பிளக் வயர்களுக்குப் பதிலாக ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர்களும் தேவை. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை அறுந்தோ துருவேறியோ இருந்தால் மற்ற எதுவும் பலிக்காது. அதை முதலில் மாற்றவும். மின்சாரம் மிச்சமாகும் என்று மலிவான எல்இடி பல்புகளைப் போட்டிருப்பவர்கள், விளக்கை அணைத்தவுடன் எஃப்எம் தெளிகிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பல நேரங்களில் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

ஒலியைச் சரிப்படுத்துவது

ஃபோனில் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, ஆம்ப்ளிஃபயர் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கெயின் திருகைக் கீழிருந்து மெல்லக் கூட்டி, குரல் பிசிறத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்தவும். ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வைத்தால், அவற்றால் தாங்க முடியாத ஆழ்ந்த அதிர்வுகள் அவற்றுக்குப் போகாது, குரலும் துலங்கும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் நிறுவிய அந்த ஸ்டுடியோவின் காலத்துப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. இடம், வலம் என்ற பிரிவே அவற்றில் கிடையாது. குரலும் வயலினும் தபேலாவும் அடங்கியிருக்கும் நடு அலைவரிசைதான் அவற்றின் உயிர். அவற்றைக் கேட்கவே இந்த வண்டி என்றால், பேஸ் பூஸ்டை அணைத்து, பின் ஸ்பீக்கர்களை முன்னவற்றைவிடக் குறைத்து வையுங்கள். பாடுபவர் டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். 1980-களுக்குப் பிந்தைய ஸ்டீரியோ பாடல்களை விரும்புபவர், டிக்கியில் சிறிய சப்-ஊஃபர் பெட்டி ஒன்றைக் கழற்றும்படி வைத்துக்கொள்ளலாம், டைனமோவின் கணக்கை மறக்காமல்.

கடைசிப் பரிசோதனையை மலைப்பாதையில் செய்யவும். ரேடியோவை அங்கே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். மலைச்சுவர் மறைப்பதாலும் எதிரொலிப்பதாலும் எஃப்எம் ஒவ்வொரு வளைவிலும் போய்ப்போய் வரும். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து ஏறும்போது பக்கத்தில் இருப்பவரைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லவும். இரண்டாம் கியரில் எஞ்சின் திணறும் இடத்தில் என் வண்டியில் கிளவ் பாக்ஸ் மூடி பாட்டோடு சேர்ந்து கிலுகிலுத்தது; மூடியின் விளிம்பில் வெல்வெட் பட்டை ஒட்டியதும் நின்றது. கதவுக் கண்ணாடி, சன் வைசர், ஆஷ் ட்ரே ஆகியவையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஏற்காட்டில் ஏரிக்கரை ஓரம் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரையும் பியூஸ் பெட்டியையும் எர்த் போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்க்கவும். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அந்த இணைப்பு தளர்வாக இருக்கிறது. திரும்பி வந்த ஒரு மாதத்தில் எல்லா முனைகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கி, பேட்டரி வோல்ட்டை முதல் நாள் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.